கண்ணால் போட்ட எடை

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவரைத் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு பேர் உட்காரும் விமானத்தில் யார் எத்தனை கிலோ, எந்தப் பெட்டி எங்கே என்று நிறுத்துத் தாளில் எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கண்ணே எடைமேடை ஆகிவிட்டது. வாசலில் கார் கதவு திறந்து ஆள் இறங்குவதற்குள் எடையைச் சொல்லிவிடுவார். தும்மலுக்கு முன் ஓர் எடை, பின் ஓர் எடை என்று பிரித்துச் சொல்வார் என்றுகூடச் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. எண்பதுதான் என்று கூசாமல் சொன்ன மேலாளரிடம், “தொண்ணூத்தி நாலு சார், சாவிக்கொத்து நீங்கலா” என்றார். ஏற்றிப் பார்த்தார்கள், தொண்ணூற்று நாலேதான். அன்றிலிருந்து மேலாளர் அவரைக் கண்டால் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நடப்பார்.

கெட்ட காலம் இந்தப் பெருமைக்குள்தான் குடிபுகுந்தது.

விமானி வேறு யாருமில்லை, அவருடைய அக்கா புருஷன். அன்று உச்சி வெயில். நான்கு பயணிகள், வால் பக்கம் அடுக்க ஐந்து மரப்பெட்டிகள். இத்துனூண்டு பெட்டிகள்தானே என்று தராசு நாற்காலியில் இருந்தபடியே பார்த்து, பெட்டிக்குப் பன்னிரண்டு கிலோ என்று எழுதிவிட்டார். ஆள் உடம்பைப் படித்த கண்ணுக்கு, மரத்துக்குள் இருந்த ஈயக் கட்டி தெரியவில்லை.

விமானி தாளை வாங்கிக்கொண்டு, “பெட்டிய மேடையில வச்சுப் பார்த்தியா மாப்ளே?” என்றார்.

“பார்த்தாச்சு மாமா.”

பிறகு ஜன்னல் வழியே பார்த்தால், பெட்டிக்குச் சொந்தக்காரரும் இன்னொரு பயணியும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறார்கள். தராசு நாற்காலியை விட்டு எழுந்தார். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்போதுதானே ‘பார்த்தாச்சு’ என்று சொன்னோம், அத்தனை பேர் முன்னால் என்ன முகத்தோடு போவது என்று நின்றுவிட்டார்.

எழுந்த விமானம் வால் கனத்து மூக்கை வானத்துக்குத் தூக்கியது. ஒரு நொடி அப்படியே தொங்கியது. பிறகு இடது இறக்கை சரிந்து, வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்கொல்லையில் விழுந்து எரிந்தது. ஐந்து பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஈயம் உருகி மண்ணோடு போயிற்று.

விசாரிக்க வந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள். எடை சரி. அப்படியானால் விமானிதான் அவசரப்பட்டு மூக்கைத் தூக்கியிருக்கிறார் என்று பேச்சு வந்தது. அதற்குள் தெருவே அவரைக் குடிகாரராக்கிவிட்டது. ஒரு வாய் தொட்டறியாத மனிதர். அக்கா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் அவள் புருஷனின் வெள்ளைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் சாவையும் அவர் தலையில் கட்டப்போகிறார்கள், நீயாவது போய் ஒரு வார்த்தை பேசேன் என்று தம்பியிடம் கெஞ்சினாள். தராசு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்தப் பெட்டிங்கள நான் நிறுக்கவே இல்லக்கா.”

மடித்த கை நிற்கவில்லை. “அவரு கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“பார்த்தாச்சுன்னேன்.”

கடைசிச் சட்டையையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “இத அவங்ககிட்ட போய்ச் சொல்லு. சொல்லிட்டு இந்த வீட்டுப் பக்கம் வராத.”

அன்றைக்கே போய்ச் சொன்னார். வேலை போயிற்று, இரண்டு வருஷம் சிறையிலும் இருந்துவிட்டு வந்தார். விமானியின் பேரில் இருந்த பழியை நீக்கிவிட்டார்கள். இப்போது அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருக்கிறார். அக்கா இன்னும் கூப்பிடவில்லை. அவரும் அந்தப் பக்கம் போகவில்லை.