ஸ்டிக்கர் ஒட்டாத டேப்

எங்கள் வீட்டில் பிபி மெஷின் முதல் சமையலறைத் தராசு வரை எல்லாவற்றின் முதுகிலும் ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். சரிபார்த்த தேதி, அடுத்துச் சரிபார்க்க வேண்டிய தேதி, சரிபார்த்தவர் என்று மூன்று வரி. மூன்றாவது வரியில் எப்போதும் என் வீட்டுக்காரரின் கையெழுத்துதான். செகந்திராபாத் ஓரத்தில், குஷாய்குடா பக்கத்தில் இருக்கும் அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தது, புத்தி போகவில்லை. நான் அரிசி அளக்கும் ஆழாக்கைக்கூட விட்டுவைக்கவில்லை மனுஷர். அதில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆழாக்கு இல்லளா, முக்கால் ஆழாக்கு. இத்தனை வருசமா எனக்கு அரைவயித்துக் கஞ்சிதான் ஊத்திருக்க" என்றார்.

"அதான் தொப்பை இவ்ளோ ஒட்டிக் கெடக்குதா?" என்று கேட்டேன். ஆழாக்கின் அடியில் அன்றே ஒரு ஸ்டிக்கர் ஏறியது.

அவர் திருநெல்வேலிக்காரர். நான் பிறந்தது செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா வட ஆற்காட்டிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். கல்யாணமான புதிதில் நான் பேசுவது அவருக்கும் அவர் பேசுவது எனக்கும் பாதிதான் விளங்கும். 'நக்கோ' என்றால் வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இப்போது கோபம் வந்தால் அவர் வாயில் முதலில் வருவது அதுதான்.

எங்கள் காலனிக்குப் பின்னால் பாழடைந்த ஷெட் ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டு ஜன்னலே இல்லாமல் ஒரு பெரிய கட்டடம் எழுப்பினார்கள். ஆள் நடமாட்டம் இல்லை, ஒரு துணி காயவில்லை. என்ன இழவுடா இது என்று பார்த்தால், டேட்டா சென்டராம். நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம், மாவு முடிந்த பிறகும் யாரோ கிரைண்டரை அணைக்க மறந்தது மாதிரி. சனிக்கிழமை காலையில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதிப்பார்கள். மாடியில் காயும் புடவையெல்லாம் டீசல் நாற்றம். இதெல்லாம் போகட்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் மெஷின்களைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்துதான் காலனிக்குத் தூக்கம் போனது. எங்கள் உயிரே போர்வெல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் டேங்கர் லாரிகள் தெருவில் வரிசை கட்ட ஆரம்பித்தன.

என் மகளுக்கு நகரத்தின் அந்தக் கோடியில், ஏஐ கம்பெனியில்தான் வேலை. தமிழ் புரியும், பதில் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் வரும். நான் புலம்பினால், "அம்மா, நுவ்வு டென்ஷன் படகு" என்பாள், டென்ஷன் ஆகாதே என்று. அப்புறம் சிரித்துக்கொண்டே, "வத்தக்குழம்பில் உப்பு கூடிப்போச்சு, என்ன செய்ய என்று ஃபோனில் ஏஐயிடம் கேட்கிறாயே, அந்தப் பதிலெல்லாம் இந்த மாதிரிக் கட்டடத்திலிருந்துதான் வருகிறது" என்று தெலுங்கில் ஒரு போடு போடுவாள். அந்த ஃபோன் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறது. பெற்ற பெண் சொல்வதில்லை. அது மட்டும் எனக்கு ஆச்சரியம்தான், மறைக்க மாட்டேன்.

காலனியின் மூலையில் மோட்டாரைக் கழற்றிவிட்ட பழைய போர் ஒன்று உண்டு. அந்தக் கட்டடம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பிருந்தே, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் என் வீட்டுக்காரர் அதில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தார். யாரும் கேட்கவில்லை. அளக்க ஒன்று கிடைத்தால் அவருக்குப் போதும். நீளமான டேப், அதன் நுனியில் கவிழ்த்துக் கட்டிய ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளர். டேப்பை இறக்கினால் டம்ளர் தண்ணீரைத் தொடும்போது 'டொப்' என்று கேட்கும். அந்த நேரத்தில் குழாய் வாயில் டேப் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் ஆழம். ஒரே சங்கடம், அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் அவர் இறக்குவார், நான் குழாயில் காதை வைத்து, "இப்போ!" என்பேன்.

"என் காதுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்களேன்" என்று கேலி செய்வேன்.

"உன் காதுக்கு எதுக்கு? மூணாவது வீட்டுல குக்கர் விசில் எத்தனைன்னு இங்கிருந்தே எண்ணுதியே" என்பார்.

வீட்டில் ஸ்டிக்கர் இல்லாத ஒரே கருவி அந்த டேப்தான். ஓய்வு பெற்ற அன்று அவருடைய பிரிவு ஆட்கள் கொடுத்த பரிசு அது. "மத்ததை எல்லாம் சரிபாக்கிறதே இதை வச்சுத்தான். இதை எதை வச்சுப் பாக்கச் சொல்லுத?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

மார்ச் கடைசியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது, தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை அளவு விட்டுப்போயிருமே" என்று படுக்கையில் கிடந்து பிள்ளை மாதிரி முனகினார். பாவமாக இருந்தது. நானே தனியாகப் போய் இறக்கினேன். மேலே இழுக்கும்போது இரும்புக் குழாயின் விளிம்பில் டேப் மாட்டி, நுனிப் பக்கம் நார் நாராகக் கிழிந்துபோனது. கிழிந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு நல்ல இடத்தில் தைப்பது எனக்குக் கைவந்த வேலை. எத்தனை புடவைக்குச் செய்திருக்கிறேன். ஆறு அடிக் கோட்டில் நேராகக் கத்தரித்தேன், டம்ளரைப் பழையபடி அழகாக முடிச்சுப் போட்டேன், மறுபடியும் இறக்கினேன், 'டொப்' கேட்டதும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்தை அவர்தான் போட்டார்; பிறகு வந்த ஞாயிறுகளில் அவரே அதே டேப்பை இறக்கியபோதும் முடிச்சுக்குள் இருந்த நுனியைப் பார்க்கவில்லை. அவரிடம் சொல்லவில்லை. பரிசாக வந்த டேப்பைக் கிழித்துவிட்டாயே என்று முகம் சுருங்குவாரே என்ற பயம், அவ்வளவுதான். நுனியில் ஆறு அடி போனால் குழாய் வாயில் ஆறு அடி கூடுதலாகக் காட்டும் என்பது இந்த மண்டைக்கு எட்டவே இல்லை.

மே மாதம் காலனி சங்கம் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தது. அந்தக் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: அவர்கள் பூமியிலிருந்து எடுக்கும் தண்ணீருக்கு மீட்டர் வைக்க வேண்டும், அது எவ்வளவு என்று கேட் வாசலிலேயே எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப்போட வேண்டும். சங்கச் செயலாளர் என் வீட்டுக்காரரோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, 'ஒரே வாரத்தில் ஆறு அடி!' என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பெரிய பேனர் அடித்துவிட்டார். கூட்டத்தில் பேசப்போகும் உரையை ஃபோனிலேயே ஏஐயிடம் கேட்டு எழுதி வாங்கியதாகவும் பெருமையாகச் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்று காலை நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, இதைக் கேளு. மார்ச்சு வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் இறங்குது. கடைசி வாரத்துல ஒரே அடியா ஆறு அடி. அன்னைக்குத்தான் அவனுக பெரிய மோட்டாரைப் போட்டிருக்கணும்."

என் கை நின்றுவிட்டது. ஆறு அடி. அந்த வாரம். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன். கிழிந்தது, வெட்டியது, மறைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் எழுந்துபோய் டேப்பை எடுத்துவந்தார். டம்ளரின் முடிச்சை அவிழ்த்து, வெட்டிய நுனியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"விடுங்க" என்றேன். "யாருக்குத் தெரியப்போவுது? பேனர் வேற அடிச்சாச்சு. அவங்க மட்டும் இன்னா, பெரிய யோக்கியமா? தண்ணி உறிஞ்சறது நெஜந்தானே? இப்ப போய் இதைச் சொல்லி எல்லாத்தையும் கெடுக்கணுமா? நக்கோ."

இதை நான் சொன்னேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கா? எனக்குத் தெரியும்லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சமுதாயக் கூடம் நிரம்பியிருந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். செயலாளர் உரையை வாசித்து முடித்துக் கைதட்டல் வாங்கிவிட்டு, "இப்போது நம்ம சார் ஆதாரத்தோடு பேசுவார்" என்று தெலுங்கில் சொல்லி மைக்கைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பேனரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்திலும் திருநெல்வேலி வாடை போகாத தன் தெலுங்கில், "அந்த ஆறு அடி தப்பு. அது தண்ணீர் இறங்கியதால் வந்ததில்லை, என் டேப்பின் நுனி ஆறு அடி குறைந்துபோனதால் வந்தது. அளப்பதற்கு முன் டேப்பைச் சரிபார்க்க வேண்டியவன் நான். நான் பார்க்கவில்லை. மார்ச் கடைசிக்குப் பிறகு உள்ள எல்லா எண்ணிலும் ஆறைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏமண்டி சார் இதி!" என்று செயலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ, எவ்வளவு வாங்கினாராம் என்று இந்தியில் கேட்டது என் காதில் விழுந்தது. என் காதில் எதுதான் விழாது? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மனுஷர் மேல் இப்படி ஒரு சொல்லா? எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த தெலுங்கு, இந்தி, தமிழ் எல்லாவற்றையும் கலந்து கத்தினேன்.

"ஹவ், ஆமா, டேப்பை வெட்டினது நான்! இவரு கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினு படுத்துக் கெடந்தாரு. இன்னிக்குக் காலைலதான் இவருக்கே தெரியும். சொல்லாதீங்கன்னு சொன்னதும் நான்தான். கேக்கறவங்க என்னைக் கேளுங்க!"

யாருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, விஷயம் புரிந்துவிட்டது. அவர் மட்டும் மைக்கைக் கீழே வைக்காமல், "கையெழுத்துப் போட்டது நான். அதனால் தப்பு என்னுடையதுதான்" என்றார்.

அந்தப் பெண் இன்ஜினியர் அதுவரை கம்பெனி கொடுத்த காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து வந்து, "சார், அந்த நோட்டு முழுவதையும் பார்க்கலாமா?" என்று கேட்டாள். எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் இருந்தன. அவரே பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக ஆறைக் கழித்துக் காட்டினார். கழித்த பிறகும் தண்ணீர் இறங்கித்தான் இருந்தது. கட்டடம் வந்த பிறகு, முன்பைவிட வேகமாக. "மழை குறைந்த வருஷமும் இதில் சேர்ந்திருக்கிறது. எல்லாமே உங்களால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. மீட்டர் வைத்தால் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்" என்றார். அவள் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "தனக்கு எதிராகவே கழித்துக்கொள்கிறவரின் எண்ணை நான் எப்படி மறுப்பேன்?" என்று செயலாளரிடம் சொன்னாள்.

மீட்டர் வந்தது. உடனே ஒன்றும் வந்துவிடவில்லை. நடையாய் நடந்து, தீபாவளிக்குப் பிறகுதான் வந்தது. கேட்டில் பலகையும் மாட்டினார்கள். அந்த 'ம்ம்ம்' இன்னும் இருக்கிறது, சனிக்கிழமை டீசல் நாற்றமும் இருக்கிறது. செயலாளர் இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. பிறகு தன் வீட்டு பிபி மெஷினைத் தூக்கிக்கொண்டு, இதைக் கொஞ்சம் பாருங்கள் சார் என்று வந்து நின்றார்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தக் கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு. புது டேப் வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். வெட்டிய டேப்பையே மகளின் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வீட்டுக் கூடத்துத் தரையில் அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். முடித்துவிட்டு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் எடுத்தார். 'ஆறு அடி கழிக்கவும்' என்று மேலே எழுதினார். தேதிகளை எழுதினார். மூன்றாவது வரி வந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நான் எதுக்குங்க?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை நூறு ஸ்டிக்கர் பார்த்திருப்பேன், அந்த வரியில் அவரைத் தவிர இன்னொரு கை பட்டதில்லை.

"போடுளா. சபைல எந்திரிச்சு நின்னு சொன்னேல்லா, அப்போ கையெழுத்தும் உன்னுதுதான்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டேன். அவர் ஸ்டிக்கரை வாங்கி டேப்பின் முதுகில் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, "வா, நேரமாச்சு" என்றார். போருக்குப் போய், குழாயில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.