கையில் கொடுத்த கத்தி

இனோபத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வதுதான் சரி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மண்சுவர். அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதை அவளும் தாழிட்டதில்லை, நானும் தாழிட்டதில்லை. என்னைவிட யாருக்குத் தெரிந்துவிடும்?

சுஸ்த் ஊரில் ஆண்கள் கத்தி அடிப்பார்கள், பெண்கள் தொப்பி தைப்பார்கள். இனோபத் தொப்பி தைக்கிறவள். கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் நாலு மிளகாய் உருவம் போட்டு நாங்கள் எல்லோருமே தைக்கிறோம். ஆனால் அவள் தையல் நெருக்கம் யாருக்கும் வராது. அவள் தொப்பியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம் என்பேன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய் கண்ணை மூடும்போது அவளுக்குப் பின்னல் போடுகிற வயது, தம்பி நார்மத்துக்குப் பால்பல் விழுகிற வயது. தகப்பனும் அதிக நாள் தாங்கவில்லை. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "தம்பி வளரட்டும்" என்றாள். தம்பி வளர்ந்தான். பெண் கேட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள்.

மீசை முளைத்ததும் எங்கள் பையன்கள் எல்லோரும் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிற மாதிரி நார்மத்தும் கிளம்பினான். எங்கள் பக்கத்தில் போகிறவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். வேலைக்குப் போகிறவன், கல்யாணம் முடித்தவன், புது வீட்டுக்குக் குடி போகிறவன், பட்டாளத்திலிருந்து வந்தவன், யாராக இருந்தாலும் கத்திதான் பரிசு. கெட்டதை வெட்டி வழியைத் திறந்துவிடும். ஆனால் கையில் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை மாறினால் அந்த இரண்டு பேரின் உறவையே அது அறுத்துவிடும் என்பார்கள்.

கத்தி வாங்கச் சந்தைக்கு அவளோடு நானும் போனேன். கடைக்காரனுக்கு வாய் சும்மா இருக்காது.

"யாருக்கும்மா, புருஷனுக்கா?"

"தம்பிக்கு."

"அப்ப நல்லதாவே எடுத்துத் தரேன். புருஷனுக்குன்னா மொண்ணையா ஒண்ணு குடுக்கலாம்னு பார்த்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நகத்தின் மேல் அலகை வைத்துப் பார்த்தாள். ஆட்டுக்கொம்புப் பிடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "தூரமாப் போறாங்க. நல்லதாக் குடுங்க" என்றாள். அந்தத் தம்பிக்கு அவள் மரியாதை கொடுத்துப் பேசியதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கிளம்புகிற காலையில் வாசலில் வண்டி நின்றது. உள்ளே நாலு பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நார்மத் நின்றபடியே தேநீரைக் குடித்தான். ரொட்டி, காய்ந்த சர்க்கரை பாதாமிப் பழம், கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் மூட்டைகட்டிக் கொடுத்த இனோபத், மாடத்தில் துணி சுற்றி வைத்திருந்த கத்தியை மறந்துவிட்டாள். வண்டி நகர்ந்த பிறகுதான் நினைப்பு வந்தது. செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். ஓடுகிற வண்டியின் ஜன்னலுக்குள் கையை நீட்டி, அவன் கையிலேயே திணித்துவிட்டாள்.

ரொட்டி சுடுகிற மவ்ஜூதா எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிப் பாவி, கீழ வைடி! கீழ வை!" என்று கத்தினாள்.

எங்கே வைப்பது? வண்டி தெருமுனை முசுக்கொட்டை மரத்தைத் தாண்டித் திரும்பிவிட்டது. இனோபத் நடுத்தெருவில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடி, கையா தரையான்னு இரும்புக்கு என்ன தெரியும்?" என்றேன். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

முதல் குளிர்காலம் முழுக்க அவன் போன் செய்தான். அடுத்த வருடம் பெருநாளுக்குப் பெருநாள் என்று குறைந்தது. அப்புறம் ஒரு வசந்தத்தில் நின்றுபோனது. அந்த எண்ணைப் போட்டால் யாரோ ஒரு பெண் ருஷ்ய மொழியில் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள், அவ்வளவுதான். கூடப்போன பையன்களைக் கேட்டால், "வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டான் அத்தை" என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கத்தி வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

தெருவில் எந்தப் பையன் கிளம்பினாலும் சரி. சொந்தமோ இல்லையோ, தொப்பி விற்ற காசில் ஒரு கத்தி வாங்கிவிடுவாள். அவன் வீட்டுக்குப் போய் விரிப்பின் மேல் அதை வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எடுத்துக்கப்பா" என்பாள். அவன் எடுத்து இடுப்பில் செருகுகிற வரைக்கும் மூச்சு விட மாட்டாள். விருந்து வீடுகளில் இறைச்சி நறுக்குகிற இடத்திலேயே நின்றுகொள்வாள். யாராவது கத்தியைக் கைக்குக் கை நீட்டினால், "வை, கீழ வை!" என்று பாய்வாள். பிள்ளைகள் அவளுக்குக் கத்தி அத்தை என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

மவ்ஜூதாவுக்கு நாக்கு நீளம். "உன் தம்பி வரலேங்கறதுக்காக ஊருக்கே கத்தி குடுப்பியா? பேசாம கசாப்புக் கடை வச்சிரு" என்றாள் ஒருநாள். ஆனால் அவள் மகன் சோபித் கிளம்பும்போது அவளே வந்து, "இனோபத், என் பையனுக்கு வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் கத்தி கொடுத்த எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒருவன் கடனோடு வந்தான், ஒருவன் கால் ஒடிந்து வந்தான், ஒருவன் ருஷ்யப் பெண்டாட்டியோடு வந்தான். எப்படியோ வந்துவிட்டார்கள். வந்ததும் சாக்லேட்டை எடுத்துக்கொண்டு முதலில் அவள் வீட்டுக்குத்தான் போவார்கள். "அத்தை, பாருங்க, உங்க கத்தி" என்று இடுப்பைக் காட்டுவார்கள். அவள் கத்தியைத்தான் பார்ப்பாள், அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். கொண்டுவந்த சாக்லேட்டையெல்லாம் என் பேரப்பிள்ளைகள்தான் தின்றார்கள்.

தேநீர் நன்றாக இறங்க வேண்டும் என்று மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றித் திரும்பக் கெண்டியிலேயே கவிழ்ப்போம் அல்லவா? இனோபத் அதை முடித்த பிறகு இரண்டு கிண்ணங்களில் ஊற்றுவாள். ஒன்றைக் குடிப்பாள். இன்னொன்று ஆறியதும் அதையும் கெண்டியில் கவிழ்த்துவிடுவாள். சின்னக் கதவு வழியாக எத்தனையோ தரம் இதைப் பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை. கேட்டால் மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறாள்?

போன இலையுதிர் காலத்தில் அந்த சோபித்தான் நார்மத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். ருஷ்யாவில் ஏதோ ஒரு ஊரில், வேலையாட்கள் விடுதியின் கொதிகலன் அறையில், குழாய் ஓரமாகப் படுத்துக் கிடந்தானாம். சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வண்டியிலிருந்து இறங்கியவனைக் கட்டிக்கொள்ளப் போனாள் இனோபத். அவன் தோளை உதறிக்கொண்டு, "சுவர் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வீட்டு முற்றத்து முசுக்கொட்டை மரத்தடியில் இருக்கிற பலகை மேடையில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"ஒரு போன் பண்ணக் கூடாதாடா?" என்றாள்.

"பண்ணி என்னக்கா சொல்றது? ஊருக்கு வர்றேன், வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன்னா?"

அவள் அவன் இடுப்பைப் பார்த்து, "அந்தக் கத்தி இருக்கா?" என்று கேட்டாள்.

"எந்தக் கத்தி? ஓ, அதுவா? எல்லையில ஒரு காவல்காரன் புடுங்கிக்கிட்டான். ரெண்டு நாள்கூட என்கிட்ட இல்ல."

அவள் நேரே சின்னக் கதவு வழியாக என்னிடம் வந்தாள். "அந்தக் கத்தி அவன்கிட்ட ரெண்டு நாள்தான் இருந்துச்சாம்" என்றாள்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏன்க்கா, அறுக்கறதுக்கு ரெண்டு நாள் போதாதா?"

இவளோடு யார் பேசி ஜெயிப்பது?

அப்படியே நாட்கள் போயின. அவள் சாப்பாடு வைப்பாள், அவன் சாப்பிடுவான். அவள் ஏதாவது கேட்டால் "ம்" என்பான். இத்தனை வருடம் ஒரு ஆள் தனியாக இருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் தனித்தனியாக இருந்தார்கள். அப்புறம் ஒருநாள் அவன், "நமங்கான் டவுன்ல கண்ணு தெரியாதவங்களுக்கு ஒரு பட்டறை இருக்காம். பிரஷ் செய்ற வேலை, படுக்க இடமும் தர்றாங்களாம். வியாழக்கிழமை சோபித் வண்டியில போயிடறேன்" என்றான்.

"இங்க என்னடா குறை?" என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்ல. எல்லாத்தையும் நீ எடுத்து வைக்கற, நான் தடவித் தடவித் திங்கறேன். போதும்க்கா."

அவள் அழவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சந்தைக்குப் போய் ஒரு கத்தி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குடி கத்தி?" என்றேன்.

"போறவனுக்குக் குடுக்கணும். கீழ வச்சுக் குடுத்தவங்க எல்லாரும் திரும்பி வந்திருக்காங்க. இந்தத் தடவை நான் தப்புப் பண்ண மாட்டேன்."

வியாழக்கிழமை காலையில் வழிக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு நானும் அங்கே போனேன். மேடையில் விரிப்புப் போட்டிருந்தது. அதன்மேல் தேநீர்க் கெண்டி, கிண்ணங்கள், ஒரு முழு முலாம்பழம். நார்மத் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனோபத் கத்தியை விரிப்பில் வைத்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தம்பி, கத்தி வச்சிருக்கேன். எடுத்துக்க."

அவன் கையை நீட்டினான். விரல் கெண்டியில் பட்டுச் சுட்டது. இந்தப் பக்கம் தடவினான், கிண்ணம் உருண்டது.

"இடது பக்கம்டா. இன்னும் கொஞ்சம். இல்ல, கீழ..."

விரிப்பு மடிந்து கத்தி நழுவி இன்னும் தள்ளிப் போய்விட்டது. அவன் தடவிக்கொண்டே இருந்தான். தேநீர் சிந்தி முழங்கால் நனைந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டேன்.

நார்மத் கையை இழுத்துக்கொண்டான். "நாய்க்கு எலும்பு போடற மாதிரி எதுக்குக்கா தூக்கிப் போடற? குடுக்கறதுன்னா கையில குடு. இல்லேன்னா வேண்டாம்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. சோபித் வந்துவிட்டான்.

இனோபத்தின் முகத்தைப் பார்த்தேன். அவன் ருஷ்யாவுக்குக் கிளம்பிய அன்றைக்கு நடுத்தெருவில் நின்றாளே, அதே முகம். ஹாரன் இன்னொரு தரம் அடித்தது. அவள் குனிந்து கத்தியை எடுத்தாள். எடுத்தவள் உடனே நீட்டவில்லை. அலகைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். மேடையில் மண்டியிட்டு நகர்ந்து போய், பிடியை அவன் கையில் வைத்தாள். வைத்த பிறகும் அவளால் அலகை விட முடியவில்லை.

"விடுக்கா, கைய வெட்டிக்கப் போற" என்று அவள் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்தான் அவன். வந்த நாளிலிருந்து அவளை அவன் தொட்டதே அப்போதுதான். பிரித்தவன் விரலை விடாமல் தடவிப் பார்த்தான். ஊசி ஏறி ஏறிக் காய்த்துப்போன விரல்கள்.

"என்னக்கா இது, மரக்கட்டையாட்டம்?"

"ஊருக்கெல்லாம் கத்தி வாங்கிக் குடுத்த கை அது" என்றேன் நான். "எத்தனை தொப்பின்னு நினைக்கற?"

"நீங்க சும்மா இருங்கக்கா" என்றாள் அவள்.

நார்மத் வெகுநேரம் அந்தக் கையைப் பிடித்தபடியே இருந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முலாம்பழ வாசனை வருதே. இந்தக் கத்தி அறுக்குதான்னு பாக்கலாம், பழத்தை இப்படித் தள்ளு" என்றான்.

வாசலில் ஹாரன் விடாமல் அடித்தது. "அக்கா, சோபித்தை உள்ள வரச் சொல்லுங்க" என்றான் என்னிடம். "வந்து பழம் தின்னட்டும். நான் இன்னொரு நாளைக்குப் போறேன்."

அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை. அவர்களுக்குள் பேச்சு இப்போதும் அதிகம் கிடையாது. மற்றவர்களுக்கு இனோபத் இப்போதும் கத்தியைக் கீழேதான் வைக்கிறாள்.

அன்றைக்கு நான் வாசலுக்குப் போய், "ஹாரனைப் பிச்சு எறிஞ்சிருவேன், வண்டிய அணைச்சுட்டு உள்ள வாடா" என்று சோபித்தைத் திட்டிவிட்டுத் திரும்பும்போது நார்மத் பழத்தை அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் பழத்தைத் தடவி, கட்டை விரலை அளவுக்கு வைத்துக் கோணல் இல்லாமல் அறுத்தான். முதல் கீற்றை எடுத்து, "இந்தாக்கா" என்று நீட்டினான்.

அவன் நீட்டிய பக்கத்தில் அவள் இல்லை. அங்கே வெறும் விரிப்புதான் இருந்தது. இந்தப் பக்கம் இருக்கிறேன் என்று இனோபத் சொல்லவில்லை. ஓசைப்படாமல் எழுந்து, மேடையைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கமே உட்கார்ந்து, அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.