வலப்பக்கம் மறைந்த படகுகள்

கோட்டுச்சேரிமேடு கரையில் நான் இருந்தேன். வலை பிரித்துக்கொண்டு மச்சினன் செல்வம் இருந்தான். மீன்கூடையோடு என் மனைவி வள்ளி இருந்தாள்.

திடீரென்று வலப்பக்கப் படகுகள் பால் போன்ற வெண்மையில் கரைந்துபோயின. வலி இல்லை. கனவு மாதிரி இருந்தது.

"அந்தப் பக்கத்துப் போட்டெல்லாம் எங்கடா?" என்றேன்.

"காலையிலேயே சாராயம் ஏத்திட்டீங்களா மச்சான்?" என்று செல்வம் சிரித்தான்.

கால் மணி நேரத்தில் படகுகள் மெல்ல மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. சரியாகிவிட்டதென்று கடலுக்குக் கிளம்பினேன். வள்ளி விடவில்லை.

"நடுக்கடல்ல இப்படி ஆனா யாரு வந்து தூக்குறது? வண்டியில ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இது பக்கவாதத்துக்கு முன்னால வர்ற எச்சரிக்கை. பார்வை திரும்பிட்டாலும் உடனே வந்துடணும்" என்றார்.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. பார்வை ஒரு நிமிடம் மறைந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். தினமும் காலையில் படகுகளை இடமிருந்து வலமாக எண்ணுகிறேன்.

இன்று பதினான்கும் தெரிந்தன.