அலமாரி அக்காவின் கன்ன எலும்பு

“இந்தக் கையால ஆட்டிப் பார்க்காம எந்த ஜாயிண்ட்டையும் நான் நம்பினதில்ல. நம்பவும் மாட்டேன்.”

மரச்சாமான் பழுதுபார்க்கும் தம் கடைவாசலில் நின்று அலமாரி அக்கா இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது, கேட்க வந்திருந்த பெருங்கூட்டம் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். சொன்ன கையோடு அவருடைய நாற்காலியில் காலையில் ஒட்டிய காலைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார் அக்கா. கால் அசையவில்லை. வாடிக்கையாளர் அசந்துபோனார். சில சமயம் பசை காயும் முன்பே ஆட்டிவிட்டு, கையோடு வந்த காலை யாருக்கும் தெரியாமல் மறுபடி ஒட்டுவதும் உண்டு. அதையெல்லாம் மகான்களின் வரலாற்றில் எழுதுவது வழக்கமில்லை.

அலமாரி என்பது தொழிலால் வந்த பெயர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது பள்ளிக்கூடத்தில் வந்தது. அக்காவின் கன்ன எலும்புகள் இரண்டும் பக்கவாட்டில் அப்படிப் புடைத்து நிற்கும். அதன்மேல் ஒரு டம்ளரை வைக்கலாம் என்று வகுப்பில் ஒருவன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் எங்கோ போய்விட்டான், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அக்கா அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார். ஆனால் கண்ணாடி பதித்த பீரோ ஏதாவது பழுதுக்கு வந்தால், முதல் வேலையாக அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்.

நாற்பதை நெருங்கும்போது, கன்ன எலும்பைக் குறைக்கும் அறுவைசிகிச்சை செய்துகொள்ளப் போவதாக வீட்டில் அறிவித்தார். அதே கடையில் பாலிஷ் போடும் கணவர் துணியைக் கீழே வைத்தார்.

“எனக்கு உன் முகம் பழகிப்போச்சும்மா.”

“எனக்குப் பழகலையேங்க.”

அவர் துணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வாய்க்கு உள்பக்கமும் காதோரமும் கொஞ்சம் திறந்து, எலும்பை அறுத்து, உள்ளே தள்ளி, சின்னத் தகடு வைத்து ஸ்க்ரூ போட வேண்டும்.

“பசை?” என்று கேட்டார் அக்கா.

“அதை உடம்பே போட்டுக்கும். காயத்தான் மாசக்கணக்கா ஆகும். மெல்லுற தசை இந்த எலும்பைத்தான் பிடிச்சு இழுக்கும், அதனால கெட்டியா எதையும் மெல்லாதீங்க. வாயைப் பிளந்து கொட்டாவி விடாதீங்க. கன்னத்துல கையே வைக்காதீங்க.”

“அட, நம்ம தொழில்தான் டாக்டர்” என்றார் அக்கா. டாக்டரும் நிம்மதியாகச் சிரித்தார். அந்தத் தொழிலின் கடைசிக் கட்டம் என்னவென்று அவருக்குத் தெரியாது.

குறைக்கப் போன முகம் இரண்டு மடங்காகித் திரும்பி வந்தது. பார்த்துக்கொள்ள வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏன் அண்ணி, குறைக்கச் சொன்னீங்களா, கூட்டச் சொன்னீங்களா?”

“சிரிக்க வைக்காதடி. இழுக்குது” என்றார் அக்கா, உதட்டை அசைக்காமல்.

“நான் வந்ததே அதுக்குத்தான். நீங்க பதில் பேச முடியாத காலம் இனிமே எனக்கு எப்ப வாய்க்கும்?”

இப்படிச் சொல்லிக்கொண்டே சோற்றையும் காய்கறியையும் மிக்ஸியில் அடித்து, ஸ்பூனால் ஊட்டவும் செய்தாள். கணவர் தம் பங்குக்குக் கடையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் மாட்டினார். ‘ஈரம். தொடாதீர்கள்’ என்று அதில் எழுதியிருந்தது.

வீக்கம் வடிந்த ஒரு மதியம், நாத்தனார் சமையலறையில் இருக்கும்போது, அக்கா கண்ணாடி முன் நின்றார். எதிரே இருந்த முகத்தில் டம்ளர் வைக்க இடமில்லை. வெகுநேரம் பார்த்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. வேலை சுத்தமாக இருந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வலது கன்னத்தைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தின.

‘டக்’ என்றது.

அன்றிலிருந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த டக். நாற்காலி என்றால் பிரித்து, சுரண்டி, மறுபடி ஒட்டலாம். முகத்தைப் பிரித்து ஒட்டுவதை நினைத்ததும் அக்காவுக்குக் கூழ்கூட இறங்கவில்லை. மறுநாள் கணவரிடம் மெல்லச் சொன்னார்.

“ஏங்க, வலது பக்கம் ஆடுதுங்க.”

“ஆடுதுன்னு எப்படித் தெரியும்?”

அக்கா சுவரைப் பார்த்தார். கணவர் பலகையைப் பார்த்தார்.

“ஆட்டிப் பாத்தியா?”

“ஒரே ஒரு தடவை.”

“நான் பாலிஷ் போட்ட மேசையில விரல் வச்சவங்களும் அப்படித்தான் சொல்வாங்க” என்றார் அவர். சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். “தகடு நகரலை, பொழச்சீங்க. எலும்பு இன்னும் சேரலை. ஆட்டிக்கிட்டே இருந்தா சேராமலே போகும், மறுபடி திறக்க வேண்டி வரும். அது உங்க கையிலதான் இருக்கு.”

அதுதான் அக்காவின் கவலையும். அந்தக் கையை நம்பி யார் எதை ஒப்படைப்பது? எனவே கணவர் அதற்கு ஓர் உப்புத்தாளும் ஒரு நாற்காலிக் காலும் கொடுத்து உட்காரவைத்தார். கன்னம் அரிக்கும்போதெல்லாம் அக்கா தேய்த்தார். பயம் வந்தபோதும் தேய்த்தார். நாற்காலிக்கு உதவாத அளவுக்கு அந்தக் கால் இளைத்துவிட்டது.

“அண்ணி, இதை இனிமே பல்லு குத்தத்தான் வச்சுக்கணும்” என்றாள் நாத்தனார். “அதுவும் நீங்க மெல்ல ஆரம்பிச்ச பிறகு.”

ஒருநாள் அக்காவுக்குத் தம்மையறியாமல் பெரிய கொட்டாவி வந்தது. பாதியில் பயந்து நிறுத்தினார். டக் கேட்கவில்லை. கேட்கவில்லையா, தமக்குக் காதுதான் மந்தமாகிவிட்டதா என்று குழம்பினார். மறுபடி சோதித்துப் பார்க்கும் துணிச்சல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு உப்புத்தாளை எடுத்தார்.

சில மாதம் கழித்து எடுத்த படத்தை டாக்டர் திரையில் காட்டினார். வெட்டின இடத்தில் கறுப்புக் கோடு இல்லை. “ரெண்டு பக்கமும் நல்லா சேர்ந்துடுச்சு. இனிமே கூழுக்கு வேலையில்ல, மெல்லுறதைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கலாம்.”

கணவர் இத்தனை மாதமாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டார். மேசைமேல் இருந்த காகிதம் பறந்தது. அக்காவின் கண் கலங்கியது. கண்ணீர் இறங்கி வர, கன்னத்தில் இப்போது தடையேதும் இல்லை.

“வேணும்னா நீங்களே அழுத்திப் பாருங்க. ஆடாது” என்றார் டாக்டர்.

கணவர் அந்தக் கையையே பார்த்தார். அது மடியிலிருந்து எழும்பி, கைப்பையின் பிடியைப் பற்றிக்கொண்டது.

“எதுக்கு டாக்டர்?” என்றார் அக்கா. “அதான் நீங்க பாத்துட்டீங்களே.”