கடிவாளத்தில் இருந்த கிரீடம்

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாடை ஒருமுறை விரலில் ஏறிவிட்டால் லேசில் சோப்புக்கு மசியாது. பன்னிரண்டு வயதில் என் விரல்களில் எந்நேரமும் அந்த வாடைதான். வகுப்பில் மற்றவர்கள் தீப்பெட்டிப் படமும் தபால்தலையும் சேர்த்தபோது நான் வெள்ளைக்காரக் குதிரைப்படைகளின் தொப்பிப் பதக்கங்களைச் சேர்த்தேன். மதுரை சிம்மக்கல்லில் ஒரு பழைய பித்தளைக் கடையில், உடைந்த குழாய்களுக்கும் நசுங்கிய செம்புகளுக்கும் நடுவில் கிடைத்தது முதல் பதக்கம்: குறுக்காக நிற்கும் இரண்டு ஈட்டிகள், மேலே ஒரு கிரீடம். அதையும் பின்னால் வந்த பலவற்றையும் கண்ணாடிபோல் தேய்த்த பிறகுதான் பழம்பொருளின் பழுப்பைத் தேய்த்து எடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அறிந்தேன். "அம்புட்டுப் பித்தளைக்கும் ஒரு குத்துவிளக்கு வந்திருக்கும்" என்பது அம்மாவின் ஓயாத புலம்பல். தபால் ஆபீஸில் வேலை பார்த்த அப்பா அதிகம் பேசமாட்டார். "பாத்ததச் சொல்லு, நெனச்சதச் சொல்லாத" என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஆங்கிலப் பட்டியல் ஒன்று கிடைத்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை ஒரு கோடை விடுமுறை முழுக்கப் படித்து, அசலையும் போலியையும் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். அசலை அச்சில் வைத்து அடித்திருப்பார்கள். அதனால் முன்பக்கம் மேடாக இருப்பது பின்பக்கம் பள்ளமாகத் தெரியும். போலியைப் பெரும்பாலும் உருக்கி வார்த்திருப்பார்கள். குதிரையின் பிடரி மயிர் மழுங்கி, மேலெல்லாம் அம்மைத் தழும்புபோல் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். கிரீடமும் காட்டிக்கொடுக்கும். முதல் உலகப்போர் காலத்து ராஜாக்களின் கிரீடம் மேலே உருண்டிருக்கும். நாம் சுதந்திரம் வாங்கிய பிறகு பட்டத்துக்கு வந்த ராணியின் கிரீடமோ நடுவில் குழிந்திருக்கும். குழிந்த கிரீடத்தைக் காட்டி "முதல் போர்ச் சாமான்" என்று எவராவது விற்றால் எனக்குச் சிரிப்பு வரும்.

எட்டாம் வகுப்பில், வீட்டிலுள்ள பழம்பொருள்களைக் கொண்டுவந்து கண்காட்சி வைக்கலாம் என்றார் எங்கள் வரலாற்று டீச்சர். என் உயிர்த்தோழி ஷாகிதா, கோரிப்பாளையத்துக்காரி, வெல்வெட் துணியில் சுற்றி ஒரு பதக்கம் கொண்டுவந்தாள். அவளுடைய அத்தாவின், அதாவது அப்பாவின், பாட்டனார் பிச்சை ராவுத்தர் பெங்களூர் ராணுவ முகாமில் வெள்ளைக்காரக் குதிரைப்படையில் வீரராக இருந்தபோது தொப்பியில் அணிந்தது என்றாள். ராவுத்தர் என்றாலே குதிரை வீரர்தான் என்பது அந்த வீட்டுப் பெருமை. வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் சர்பத்துக்கு முன்பே அந்தப் பதக்கம் வந்துவிடும். "பேட்ஜ் பைத்தியம்" என்று பெயரெடுத்திருந்ததால், அதற்கு விவரச்சீட்டு எழுதும் பொறுப்பை டீச்சர் என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அச்சில் அடித்த அசல், கிரீடமும் உருண்டையானதுதான். ஆனால் அது தொப்பிப் பதக்கமாக இருக்க முடியாது. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அரிந்து கவிழ்த்ததுபோல் குவிந்திருந்தது; தொப்பியில் குத்தினால் நிற்காது, கனமும் அதிகம். பட்டியலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டியபோது அதே படம் இருந்தது: குதிரையின் வாயோரம், கடிவாள இரும்பின் இரண்டு பக்கமும் பதிக்கும் குமிழ். அணிந்தது வீரரல்ல, குதிரை.

ஷாகிதா சொன்னபடியே எழுதிவிட்டால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கையெழுத்தில் ஒரு பொய்யை மேசையில் வைக்க மனம் வரவில்லை. பள்ளி விடும் நேரத்தில் அவளிடம் சொன்னேன்.

"ஒங்கிட்ட இது மாதிரி இல்லைன்னு பொறாமைடீ ஒனக்கு" என்றவள், அதற்கப்புறம் என் பக்கத்தில் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை; ஜும்மா தொழுகை முடிந்த நேரம் பார்த்து, பதக்கத்தையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அவளுடைய அத்தாவின் கடைக்கே போனேன். கோரிப்பாளையம் முக்கில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கும் கடை. அதற்கு முன்பு அவருடைய அத்தா அங்கே ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குத் தோல் வார் தைத்திருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"நாலு தலமொற சொன்னது பொய்யி, நீ பொஸ்தகத்துல பாத்தது நெசமா?"

"பொருள் அசல் மாமா. தொப்பியில குத்துனது இல்லைன்னுதான் சொல்றேன்" என்றேன். பதக்கத்தை அவர் கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து பள்ளமாகியிருந்தது. நானும் பார்த்ததுதான்; எனக்கு அதன் காரணம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"இது வார் தேச்ச தேய்மானம்" என்றார் மெதுவாக. "தோலு வருசக்கணக்கா ஒரே எடத்துல ஒரசுனா இப்புடித்தான் ஆகும். எங்கத்தா கடையில நூறு பாத்திருக்கேன்."

தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "யோசிச்சுப் பாத்தா எங்கத்தா ஒருநாளும் வீரர்னு சொன்னதில்ல. பட்டாளத்துல குதிரையோட இருந்தாருன்னுதான் சொல்வாரு. குதிரையப் பாத்துக்கிட்டவருதான் போல. நாங்கதான் தொப்பியக் கொண்டுபோயி மாட்டிட்டோம்" என்றார். பிறகு உள்ளே தலையைத் திருப்பி, "ஏ ஷாகிதா, இங்க வா! ஒன் கூட்டாளி நம்ம பாட்டனாரக் கண்டுபிடிச்சுக் கொண்டாந்திருக்கா" என்று கூப்பிட்டார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து வந்தவள் என்னை முறைத்துக்கொண்டே நின்றாள். பதக்கத்தின் தேய்மானத்தில் அத்தா அவள் விரலைப் பிடித்து வைத்ததும் முறைப்பு மெல்லக் கரைந்தது.

விவரச்சீட்டு இப்படி வந்தது: "குதிரைப்படைக் குதிரையின் கடிவாளக் குமிழ். அந்தக் குதிரையைப் பராமரித்தவர் பிச்சை ராவுத்தர்." கண்காட்சிக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் அந்த மேசையில் வெகுநேரம் நின்று, இதை அடையாளம் கண்டது யார் என்று கேட்டார். டீச்சர் என்னை முன்னால் தள்ளினார். "நானும் ஷாகிதாவோட அத்தாவும் சார்" என்றேன். கூட்டத்தில் நின்ற அத்தா, தன் வெள்ளைச் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

இன்று என்னிடம் இருநூறுக்கும் மேற்பட்ட பதக்கங்கள் இருக்கின்றன. எங்கெங்கிருந்தோ போட்டோ அனுப்பி "அசலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்கிறார்கள், என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதில் எனக்குக் கர்வமும் உண்டு. சிம்மக்கல் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சீட் கவர் கடையும் போய்விட்டது, அதை நடத்தியவரும் போய்விட்டார். அவர் இருந்த காலத்தில், கடையைக் காலி செய்த வாரத்தில் பார்க்கப் போனபோது, ஒரு சேகரிப்பாளராக ஆசை தாங்காமல், அந்தக் குமிழை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். "ஒங்கிட்ட இருக்கே அம்புட்டு, அதுல ஒண்ணாச்சும் யாரு போட்டுக்கிட்டதுன்னு ஒனக்குத் தெரியுமா தாயி?"

தெரியாது என்றேன்.

"இது யாரு கை புடிச்ச கடிவாளம்னு எனக்குத் தெரியும். நீதான் சொன்ன."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அது இப்போது மதுரையை ஒட்டிய பரவையில் ஷாகிதாவின் வீட்டில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடமும் அதுதான்.