சாயாமல் நின்ற சிப்பாய்

அந்தப் பொம்மைச் சிப்பாயின் பீடத்தில் என் மகளின் பல்தடம் இருந்தது. சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, பீடத்தின் ஒரு மூலை உடைந்து, உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு குழி தெரிந்தது. குழியின் சுவர் வழவழப்பாகச் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. உருண்டையாக ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கிறது, இப்போது இல்லை. பாப்பா என் காலைப் பிடித்துக்கொண்டு, எச்சில் ஒழுக, பொம்மையைத் திரும்பக் கேட்டுக் கை நீட்டினாள்.

அதைச் செய்தவர் என் கொழுந்தன், கணவரின் தம்பி. ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலையில் வேலை. அன்றும் இன்றும் பென்னலூரில் எங்களோடுதான் இருக்கிறார். என்னிடம் அதிகம் பேசமாட்டார். பொம்மைப் பேச்சு வந்தால் மட்டும் நிறுத்தமாட்டார். அந்தத் தவக்காலத்தில், எங்கள் கோவிலில் வைக்கும் இயேசுவின் பாடுகளின் காட்சிக்கு உரோமை வீரர்கள் வேண்டும் என்று பங்குத் தந்தை கேட்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் துப்பாக்கி ஏந்திய பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கி வந்து, துப்பாக்கியை அறுத்து, குழாய்க் கசிவை அடைக்கும் மாவால் தலைக்கவசம் செய்து, உரோமையராக மாற்றினார். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர்களுக்குப் பயண மூட்டையும் வேண்டும் என்றார்.

“நடந்து வந்தவன் மூட்டை இல்லாம எப்டி அண்ணி வருவான்? நான் ஷிப்டுக்குப் போவச்சொல்லயே பை, சோத்து டப்பா, ஷூன்னு தூக்கினு போறேன்.”

“ரோமாபுரில கேன்டீன் கெடையாதாடா?” என்று என் கணவர் சிரித்தார்.

“அதெல்லாம் இல்ல. அவனே சமைக்கணும், அவனே பள்ளம் தோண்டணும். ஓடிடாம பாத்துக்க ஒரு சூப்பர்வைசர் மட்டும் இருப்பான்.”

துடைப்பக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டித் தோளில் சாய்க்கும் கழியாக்கினார். பழைய கைக்கடிகார வாரை வெட்டித் தோல்பை தைத்தார். பனியன் துணியைத் தேயிலைச் சாற்றில் நனைத்துச் சுருட்டினால் கம்பளி. வெங்காய வலையின் ஒரு துண்டு, ரொட்டி தொங்கும் பை. கிழிந்த வேலைக் கையுறை, கேடயத்தின் உறை. சமையல் பானையும் மண்வெட்டியும்கூட இருந்தன. பார்க்க உயிரோட்டமாக இருந்தது. ஆனால் மூட்டையைத் தோளில் ஏற்றியதும் ஒவ்வொரு சிப்பாயும் பின்னால் சாய்ந்து விழுந்தான். சில நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு ஒரு மாலை எல்லோரும் விழாமல் நின்றார்கள். நான் ஒருவனை விரலால் தட்டினேன். ஆடிவிட்டு நேராக நின்றான். “கெட்டிக்காரர்தான் தம்பி” என்றேன். எதை வைத்து நிறுத்தினார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஈஸ்டர் முடிந்து பொம்மைகள் வீட்டுக்கு வந்தன. பாப்பாவுக்குப் பல் முளைக்கும் நேரம். கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள். தோளில் கழி சாய்த்த அந்தச் சிப்பாய் அவள் பிடிக்கு வாகாக இருந்தான். அவன் இல்லாமல் தூங்கமாட்டாள். எனக்கு அப்போதே உள்ளே ஏதோ இடறியது. பெயின்ட் கெடுதல் இல்லையா என்று கேட்டேன். “பாப்பா வாயில வெப்பான்னு தெரியும் அண்ணி. இந்தச் சிப்பாய்க்கு மட்டும் பெயின்ட்ட சுரண்டி எட்த்துட்டேன், இடுப்புல கூரா இருந்த கத்தியையும் அறுத்துட்டேன்” என்றார். அத்தனை அக்கறையாகச் செய்திருந்தார். நான் வெளிப்பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவரும் வெளிப்பக்கத்தைப் பற்றியே சொன்னார்.

குழியைப் பார்த்த அன்று அவருக்கு போன் செய்தேன். ஆலைக்குள் வேலையில் இருக்கும்போது போனை வெளியே பெட்டியில் பூட்டிவிடுவார்கள். டீ இடைவேளைக்குத்தான் கூப்பிட்டார். அதுவரை கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், பாப்பாவின் வாய்க்குள் என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

“உள்ள என்ன வெச்சீங்க தம்பி?”

“ஈயக் குண்டு அண்ணி. வீச்சு வலை ஓரத்துல கோப்பாங்களே, அது. செம்பரம்பாக்கத்துல மீன் புடிக்கிற நம்ம பையன் ஒருத்தன் குட்த்தான். ஏன் அண்ணி?”

நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாப்பாவின் வாயை மறுபடி திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, “பாப்பா எங்க அண்ணி?” என்றார்.

கல்லூரியில் நான் படித்தது வேதியியல். ஈயம் சிறு குழந்தையின் மூளையை என்ன செய்யும் என்று தெரியாதவளாக இருந்திருந்தால், ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும் வரையாவது மூச்சு விட்டிருப்பேன். பக்கத்தில் அத்தை, என் கணவரின் அம்மா, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “டாக்டராண்ட அவன் பேர சொல்லாத. எம்புள்ள வேணும்னா செஞ்சான்?” நான் தலையாட்டினேன். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

எக்ஸ்ரே பலகையில் அவள் கைகளை நான்தான் அழுத்திப் பிடித்தேன். படத்தில் குண்டு எதுவும் தெரியவில்லை. என் கணவர் வேலையிலிருந்து சீருடையோடு ஓடி வந்தபோது, அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு “ஒண்ணும் இல்லப்பா” என்றார். ஆனால் டாக்டர், விழுங்காவிட்டாலும் பல நாள் சப்பியிருக்கிறாளே, இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றார். இரத்த மாதிரி சென்னைக்குப் போனது.

முடிவு வரும்வரை என் மகளை நான் மகளாகப் பார்க்கவில்லை. கூப்பிட்டதும் திரும்பவில்லையா? கூடுதலாகத் தூங்குகிறாளா? நேற்று தட்டிய கையை இன்று ஏன் தட்டவில்லை? இதெல்லாம் எப்போதும் உள்ளதுதானா, நான்தான் இப்போது கவனிக்கிறேனா? கொழுந்தன் மற்ற சிப்பாய்களின் பீடங்களையெல்லாம் உடைத்துக் குண்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வாசலுக்கு உள்ளே வரவில்லை. சோற்றை வெளியே உட்கார்ந்து சாப்பிட்டார். பாப்பா “த்தா, த்தா” என்று அவரைக் கூப்பிட்டுத் தவழ்ந்து போனால், எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுவாள். “தூக்குங்க தம்பி” என்று சொல்ல நினைப்பேன். அவளை நானே தூக்கிக்கொண்டு உள்ளே வருவேன். அத்தை என் முகத்தைப் பார்ப்பார்.

முடிவு வந்தது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை, சில மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அத்தை அங்கேயே அழுதார். நான் மட்டும், “அப்டின்னா கொஞ்சம் இருக்கா டாக்டர்?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் எல்லோருக்கும் இருக்கும்மா. வீட்டுக்குப் போங்க” என்றார் அவர்.

மறுபடி பார்த்ததிலும் பயப்பட ஒன்றுமில்லை. குண்டு கிடைக்கவே இல்லை. பொம்மையைக் கழுவும்போது தண்ணீரோடு போயிருக்கும் என்கிறார் என் கணவர். மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். வாய் ஓயாது. ஆனால் அவள் ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால், அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் எழுதும் என்று மிஸ் சொன்னாலும், டாக்டர் சொன்ன அந்தக் ‘கொஞ்சம்’ எனக்குள் எழுந்து நிற்கிறது.

கொழுந்தன் பிறகு பொம்மை எதுவும் செய்யவில்லை. வேலை முடிந்து வருவார். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். “சித்தா” என்று அவள் பாய்ந்து வரும்போது ஒரு கணம் நிற்பார். ஆலை வாசலில் சோதனைக்கு நிற்பவர்போல இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, என்னிடம் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்குவார். காட்டுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டாம் தம்பி என்று இன்றுவரை சொன்னதும் இல்லை.