ஆயாவுக்கு ஆறு வயசு

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடுவது நின்றால் கை வண்டிச் சாவியைத் தேடும். இண்டூரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு சாலையில்தான் கிடக்கிறேன். எதற்குப் போகிறாய் என்று கேட்டால் காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவ்வளவுதான்.

அப்படிப் போன ஒரு நாளில்தான், வத்தல்மலை ஏறும் வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். செம்மண் நிறம். முகத்தில் மட்டும் மாவு சலித்த கையால் தடவியது போல வெள்ளை. கழுத்தில் அறுந்த சங்கிலி ஒன்று தொங்கியது. மேலிருந்து சாமை மூட்டையோடு இறங்கி வந்த மலைக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கிச் சொன்னார்.

"கீழ இருந்து யாரோ கார்ல கொண்டாந்து மரத்துல கட்டிட்டுப் போயிட்டாங்க. நாலஞ்சு நாளா அந்தச் சங்கிலியவே கடிச்சிட்டுக் கெடந்துச்சு. துருப்புடிச்ச சங்கிலி, அந்துபோச்சு. இப்ப எந்த வண்டி வந்தாலும் எந்திரிச்சுப் பாக்குது. நம்மாளு இல்லேன்னு தெரிஞ்சா மறுபடியும் குந்திக்குது."

நான் நிறுத்தினேன். எழுந்து பார்த்தாள். பார்த்துவிட்டு உட்காரவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஸ்கூட்டரின் கால்பலகையில் தூக்கி வைத்தாள். ஊர் சுற்றுகிறவனை ஊர் சுற்றுகிறவளுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். மாட்டுத் தரகர். கம்பைநல்லூர்ப் பக்கம் சந்தை என்றால் விடிவதற்குள் கிளம்பிப் போகிற ஆள். மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துச் சொல்லிவிட்டால் விற்பவனும் வாங்குபவனும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, அவள் தாடையை ஒரு கையில் ஏந்தி, கட்டைவிரலால் கீழ் உதட்டை அமுக்கிப் பார்த்தார்.

"எட்டு வயசு ஆயிருக்கும்ங்க. பல்லு மொத்தமாத் தேஞ்சு போச்சு. கடைசிக் காலத்துல உங்க வூட்டுச் சோறுன்னு இருக்குது, போடுங்க."

தீர்ப்பு வந்துவிட்டது. என் மனைவி அன்றைக்கே அவளுக்கு ஆயா என்று பெயர் வைத்தாள். அதிலிருந்து அவள் எங்கள் வீட்டின் மூத்த பெண்மணி. சோறு குழைய வேகும். படுக்க நாலாக மடித்த பழைய போர்வை. வாசல்படியில் கால் வலிக்கக் கூடாது என்று ஒரு பலகையைச் சரிவாகப் போட்டோம். அவள் பலகையை முகர்ந்து பார்த்துவிட்டுப் படியில் தாவி ஏறுவாள். "பாத்து, பாத்து, இடுப்பு!" என்று உள்ளேயிருந்து மனைவி கத்துவாள். மதில்மேல் ஓணானைப் பார்த்து எம்பினால் அதட்டி உட்கார வைத்தோம். வயதானவர்களிடம் எல்லோரும் நடந்துகொள்வது போலத்தான், அன்பாக, கொஞ்சமும் கேளாமல்.

இரண்டு வருடம் போனது. போன மழைக்காலத்தில் ஆயாவுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஈறு வெளுத்து, தண்ணீர்கூட இறங்காமல், சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாம் நாள் மாலையில் அங்கிருந்த டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "வயசான நாய்ங்க. எவ்வளவு தூரம் போகணும்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நாங்கள் இருவரும் ஒரே மூச்சில், "எவ்வளவு தூரம்னாலும் போங்க" என்றோம். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வி எங்களோடு காரில் ஏறிவிட்டது. தொப்பூர்க் கணவாய் தாண்டும்போது, ஆயாவின் தலையை மடியில் வைத்திருந்த மனைவி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"இன்னொரு தடவ அந்தக் கேள்விய யாரும் நம்மளக் கேக்கக்கூடாதுங்க. யோசிக்கிற நெலமையே வரக்கூடாது. இவளுக்கு இன்சூரன்ஸ் போடணும்."

போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். நாய்க்கு இன்சூரன்ஸ் தருகிறவர்களைத் தேடிப் பிடித்து மனைவி போன் செய்தாள். அந்தப் பக்கம் ஒரு சென்னைப் பெண், குரலில் தேன்.

"பெட் என்ன ப்ரீட் மேடம்?"

"நாட்டு நாய்ங்க."

"நைஸ். ஏஜ்?"

"பத்து இருக்கும்ங்க."

தேன் உறைந்தது. "ஸாரி மேடம். எட்டு வயசு தாண்டிட்டா நாங்க புதுசா எடுக்கிறதில்ல. வேணும்னா டாக்டர்கிட்ட வயசு சர்டிஃபிகேட் வாங்கிட்டு ட்ரை பண்ணுங்க."

மனைவி போனை வைத்துவிட்டு ஆயாவைப் பார்த்தாள். ஆயா வாலால் தரையைப் பெருக்கினாள். அந்த வெள்ளை முகத்தைப் பார்த்து எட்டுக்குக் கீழே என்று எழுதித்தர எந்த டாக்டருக்கு மனசு வரும்? என் கால் ஆட ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் இன்சூரன்ஸ் என்றால் மாட்டுக்குத்தான். டாக்டர் வருவார், காதில் மஞ்சள் தோடு குத்துவார், சொந்தக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க போட்டோ எடுப்பார்கள். நாய்க்கு என்றதும் தரகர் அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் சாமி, இதுக்கும் காதுல தோடு போடுவாங்களா?"

"இல்லீங்கண்ணா, மூக்கப் போட்டோ எடுத்து அனுப்பணுமாம்" என்றாள் மனைவி. "நமக்குக் கைரேகை மாதிரி இதுங்களுக்கு மூக்காம்."

அவர் தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது இருக்கட்டும். பத்துன்னு நீங்களா எதுக்குச் சொன்னீங்க? யாவாரத்துல எவனாச்சும் நெசத்தச் சொல்லுவானா?"

"பொய் சொல்லி எடுத்தா நாளைக்கு அவசரத்துக்குச் செல்லாதுன்னுடுவாங்கண்ணா. டாக்டர் என்ன சொல்றாங்களோ அதுதான்."

"அப்ப டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வாயே தொறக்கக் கூடாது."

டாக்டரிடம் போகவேண்டிய நாள் காலையில் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், வாசலில் எனக்குத் தெரியாத ஒரு நாய் நின்றது. உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. கழுத்தில் சிவப்புக் கயிறு, அதில் ஒரு சின்ன மணி. முகம் கன்னங்கரேல் என்று இருந்தது. வால் ஆடியபோதுதான் ஆயா என்று தெரிந்தது. பக்கத்தில் அண்ணன், விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்த கொட்டாங்குச்சியோடு.

"என்னண்ணா இது!"

"சந்தைக்குப் போற உருப்படிய அப்படியேவா ஓட்டிட்டுப் போவாங்க? இப்பப் பாருங்க, அஞ்சு வயசு கொறஞ்சு போச்சு."

மனைவிக்குக் கோபப்பட வாய் திறந்து சிரிப்பு வந்துவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கரி பாதி போனது. மீதி, மழைக்கு முந்திய மேகம் மாதிரி மூஞ்சியில் தங்கிவிட்டது. நேரமாகிவிட்டதால் அப்படியே அண்ணனின் மாடு ஏற்றும் வேனில் தருமபுரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் மணி குலுங்கியது. ராகிக் கொல்லைகளின் பச்சை இரண்டு பக்கமும் ஓடி வந்து வந்து பின்தங்கியது. ஆயா காற்றில் மூக்கை நீட்டி, கண்ணைச் சுருக்கி, எங்கேயோ கல்யாணத்துக்குப் போகிறவள் போல நின்றாள். 

ஆஸ்பத்திரியில் ஆடுகளும் ஒரு சேவலும் எங்களுக்கு முன்னால் காத்திருந்தன. "ஆயா! ஆயா யாருங்க, வாங்க!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டதும் ஆட்டுக்குட்டியோடு ஒரு பாட்டி எழுந்து நடந்துவிட்டார். அவரைச் சமாதானம் செய்து உட்காரவைத்துவிட்டு நாங்கள் போனோம்.

டாக்டர் முப்பதைத் தாண்டிய பெண். ஆயாவின் முகத்தைக் கையில் ஏந்தினார். கையுறை கறுப்பானது. கையுறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

"மையாங்க?"

"கண்ணேறு படக்கூடாதுன்னு கொஞ்சமா…" என்றார் அண்ணன்.

டாக்டர் பஞ்சை எடுத்தார். துடைத்தார். வெள்ளை முகம் வெளியே வந்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கால்களை மடக்கி நீட்டினார். கீழ் உதட்டை அமுக்கினார். பிறகு மேல் உதட்டைத் தூக்கினார். பக்கத்துப் பல், கடைவாய்ப் பல் என்று உள்ளே வரைக்கும் போய்ப் பார்த்தார். பேசவே இல்லை. பேசாத டாக்டரைப் போலப் பயங்கரம் உலகத்தில் கிடையாது.

அண்ணனாலும் தாங்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவினார்.

"டாக்டரம்மா, வாயால ஒண்ணும் சொல்லிடாதீங்க. கையக் குடுங்க."

சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் இருவர் கையும் இருக்கும். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, ஒரு விரல் என்றால் ஒன்று. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். மாட்டுக்கு விலை பேசுகிற அதே மாதிரி அந்த மனுஷன் ஆயாவுக்கு வயது பேசப் போகிறார். நானும் மனைவியும் "அண்ணா!" என்று ஒன்றாகக் கத்தினோம். ஆனால் டாக்டர் சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிட்டார்.

துண்டு விழுந்தது. உள்ளே அண்ணனின் கை அசைந்தது. ஒரு பிடி. அப்புறம் இன்னொன்று, அழுத்தமாக. எங்களுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார்: "எட்டு. எட்டுல முடிச்சுக் குடுத்துடுங்க, புண்ணியமாப் போவும்."

"எங்கப்பாவும் சந்தைக்குப் போற ஆளுதாங்க" என்றார் டாக்டர். "இப்ப நான் சொல்றேன், பாருங்க."

துண்டு மறுபடி அசைந்தது. அண்ணன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணா? ஒன்பதா?" என்றாள் மனைவி. 

"ஒரு கை, ஒரு விரலு" என்றார் அவர். "ஆறுங்க. ஆறுன்னு சொல்றாங்க. நான் கேட்டதுக்கும் மேல எறக்கிக் குடுக்குற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

டாக்டர் ஆயாவின் மேல் உதட்டைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். மேல்வரிசைப் பல் முழுசாக, முழுசாக, பாலில் கழுவியது போல இருந்தது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

"கீழ் முன்பல்லு தேஞ்சது வயசால இல்லீங்க, இரும்பு எதையோ கடிச்சிருக்கா. கண்ணும் தெளிவா இருக்குது, கொஞ்சம்கூடப் புகை இல்ல. ஆறு வயசு, மிஞ்சிப்போனா ஆறரை. யாருங்க இவளக் கிழவின்னு சொன்னது?"

 அண்ணன் துண்டை மடித்தார்.

"மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாதுங்களே அம்மா" என்றார். "கை தானாக் கீழதான போவும்? மேல ஒண்ணு இருக்குமுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே சேவல் கூவியது. "அப்ப இந்த நரை?" என்றேன் நான். என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிலருக்குச் சீக்கிரம் வந்துடும்ங்க" என்றார். "ஆனா எதுக்கு இவ்வளவு குண்டா வெச்சிருக்கீங்க? ஓட விடுங்க இவள."

திரும்பும்போது வேனில் மணி மட்டும் பேசிக்கொண்டு வந்தது. நான் கணக்குப் போட்டேன். அந்த வளைவில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு நாலு வயது. நாலு வயதுக்காரியைக் கொண்டுவந்து கிழவியாக்கி, குழைந்த சோறு போட்டு, இடுப்பு இடுப்பு என்று கத்தியிருக்கிறோம். வெட்கமாக இருக்கவேண்டும். ஆனால் இருக்கவில்லை. நாலு வருடம் திடீரென்று கையில் விழுந்திருக்கிறது. நாலு மாம்பழக் காலம், நாலு மழை, மதிலில் எத்தனையோ ஓணான்கள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூதேவி, நீயாவது சொல்லியிருக்கலாம்ல" என்று ஆயாவின் காதை இழுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சென்னைக்குப் போன் போட்டாள்.

"ஏஜ் மேடம்?"

"ஆறு!" என்றாள், ஏலத்தில் கத்துவது போல. "டாக்டர் சர்டிஃபிகேட் இருக்குதுங்க. ஆறு!"

தேன் மறுபடி உருகியது. சர்டிஃபிகேட்டையும் மூக்குப் படத்தையும் அனுப்பினால் பாலிசி வந்துவிடும் என்றார்கள். மூக்குதான் பிரச்சினை. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, மனைவி போனை மூக்குக்கு நேரே கொண்டுபோக, ஆயா போனை நக்கினாள். எடுத்த படத்தில் எல்லாம் நாக்குதான் இருந்தது. கடைசியில் அண்ணன் ஒரு கருவாட்டுத் துண்டை அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கர்நாடகத்து மாடுகளிடம் பேசுகிற கன்னடத்தில் "பா, பாரம்மா பா" என்று வரச்சொல்லிக் கொஞ்ச, ஒரு நொடி சிலையாக நின்றாள். ஈரமாய், கறுப்பாய், வரி வரியாய் ஒரு மூக்கு. அனுப்பினோம். மூன்றாம் நாள் பாலிசி வந்தது. அந்தக் கேள்வியைக் காரிலிருந்து இறக்கிவிட்டது போல இருந்தது. மனைவி அன்றைக்கே வாசல் பலகையைப் பிடுங்கி அடுப்புக்குப் போட்டாள்.

நான் ஆயாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, முதல்முறையாக, "ஓடு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தாள். யாரும் அதட்டவில்லை. உடம்பைப் பின்னுக்கு இழுத்து, ஒரு செம்மண் அலை எழுவது போல எழுந்து, மதிலைத் தாண்டினாள். அந்தப் பக்கம் கோழிகள் நாலு திசையிலும் பறந்தன. கூடை உருண்டது, குடம் உருண்டது. கொட்டகைக்குள்ளிருந்து அண்ணன் துண்டும் கையுமாக ஓடி வந்து, மதில்மேல் தலையை நீட்டி, மூச்சு வாங்கக் கத்தினார்:

"ஏங்க! பேசாமப் பத்துலயே வுட்டிருக்கலாம்ங்க!"